ஜூலையிலும் ஆசிரியர் தேடுகிறார்கள்

"இனி அடுத்த வருஷம்தான் ரீச்சர், இப்ப தேடி மினக்கெடாதீங்க." ஜூன் தொடக்கத்தில், வளைகுடாப் பக்கம் ஏதாவது இன்டர்நேஷனல் ஸ்கூலில் வேலை பார்க்கப் போகிறேன் என்று சொன்னபோது முக்கால்வாசிப் பேர் தந்த பதில் இதுதான். அவர்களில் ஒருவர் டோஹாவில் பல வருஷம் படிப்பித்துவிட்டு வந்து இங்கே திருகோணமலை உவர்மலையில் வீடு கட்டியிருக்கிற அண்ணா, சும்மா கதைக்கிற ஆள் இல்லை. அவர் சொன்னதில் பாதி சரி. மற்றப் பாதி சரியில்லை என்பதற்கு நானே சாட்சி, ஓகஸ்ட் கடைசியில் டோஹாவுக்குப் போகிறேன், கெமிஸ்ட்ரி படிப்பிக்க. இன்னும் பெட்டி கட்டவில்லை, அதற்குள் தினமும் யாராவது வட்ஸ்அப்பில் "எப்படி எடுத்தீங்க, எந்த ஏஜென்சி" என்று கேட்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் வொய்ஸ் அனுப்பித் தொண்டை கட்டிவிட்டது, அதனால் இங்கே எழுதிவிடுகிறேன். ஏஜென்சி எதுவும் இல்லை. இதை முதலே சொல்லிவிட்டால் பாதிக் கேள்வி குறையும்.

அண்ணா சொன்ன சரியான பாதி, ஆள் சேர்க்கும் காலம் பற்றியது. உலகம் முழுக்க 14,000க்கும் அதிகமான இன்டர்நேஷனல் ஸ்கூல்கள் இருப்பதாக இந்தத் துறையைக் கணக்கெடுக்கும் ஐ.எஸ்.சி. ரிசேர்ச் சொல்கிறது. அவற்றில் ஓகஸ்ட், செப்டெம்பரில் வருஷம் தொடங்குகிற கொஞ்சம் ஒழுங்கான பாடசாலைகள் முந்தின ஒக்டோபர், நவம்பரிலேயே தங்கள் ஆசிரியர்களிடம் "அடுத்த வருஷம் இருக்கிறீர்களா, போகிறீர்களா" என்று எழுத்தில் கேட்டுவிடும். பதிலை வைத்துக்கொண்டு விளம்பரம் போடுவார்கள், ஜனவரி, பெப்ரவரியில் பாங்கொக், லண்டன் மாதிரி நகரங்களில் ஆள் சேர்க்கும் சந்தை நடக்கும், சேர்ச் அசோசியேட்ஸ் போன்ற நிறுவனங்கள் நடத்துவது. ஹோட்டல் மண்டபத்தில் அதிபர்மார் மேசை போட்டு இருப்பார்கள், காலையில் கைகொடுத்து, மத்தியானம் அறையில் இன்டர்வியூ வைத்து, இரவுக்குள் வேலை தருவார்கள். கொரோனாவுக்குப் பிறகு அதில் பெரும்பகுதி ஸூமுக்கு மாறிவிட்டது, நாள் கணக்கு மாறவில்லை. மார்ச் முடியும்போது எல்லோரும் ஆசைப்படுகிற இடங்கள் நிரம்பிவிடும். ஜெனீவா, சிங்கப்பூர் என்று கனவு இருந்தால் அண்ணா சொன்ன மாதிரி அடுத்த வருஷம்தான்.

மற்றப் பாதிக்கு வருகிறேன். பெப்ரவரியில் கையெழுத்துப் போட்டவர்கள் எல்லோரும் ஓகஸ்ட்டில் வந்து இறங்குவதில்லை. ஒருவருக்கு அப்பா சுகமில்லை, ஒருவருடைய மனைவிக்கு ஊரிலேயே நல்ல வேலை கிடைத்துவிட்டது, ஒருவர் மெடிக்கலில் நின்றுவிட்டார், ஒருவருடைய பட்டச் சான்றிதழ் இன்னும் ஏதோ ஒரு தூதரகத்தில் கிடக்கிறது. இங்கிலாந்துக்காரர்களுக்கு இன்னொரு சங்கதி உண்டு. அங்கே அரசுப் பாடசாலை ஆசிரியர் கோடைத் தவணையோடு விலக வேண்டுமானால் மே 31க்குள் கடிதம் கொடுத்துவிட வேண்டும், வழமையான கடைசித் திகதி அதுதான். வெளிநாட்டு வேலைக்குத் தலையாட்டி வைத்திருந்தவர்கள் அந்தத் திகதி கிட்ட வரும்போதுதான் உண்மையிலேயே யோசிக்கிறார்கள், யோசித்துவிட்டுப் பின்வாங்குகிறார்கள். ஆகவே ஜூன் முதல் வாரத்தில் ஒரு தொகை வெற்றிடம் புதிதாக வரும். வளைகுடா நகரங்களில் குடும்பங்கள் வேலை மாறி வந்து சேருவது பெரும்பாலும் கோடையில், ஓகஸ்ட்டில் திடீரென்று எட்டாம் வகுப்புக்கு இன்னொரு பிரிவு தேவைப்படும், அதற்கும் ஆள் வேண்டும். செப்டெம்பர் பிறந்த பிறகும் ஓயாது, லீவுக்குப் போனவர் திரும்பி வரமாட்டார், இல்லாவிட்டால் வந்து இரண்டு கிழமையில் யாருக்கும் சொல்லாமல் இரவு விமானத்தில் போய்விடுவார். அந்த ரகத்துக்கு இந்தத் தொழிலில் தனிப் பெயரே இருக்கிறது, 'ரன்னர்' என்பார்கள்.

மார்ச்சில் பாடசாலை ஆறுதலாக ஆள் தெரிவு செய்யும். ஜூலையில் அதற்கும் பதற்றம். செப்டெம்பரில் இருபத்தைந்து பிள்ளைகள் லாப்பில் வந்து உட்காரும்போது முன்னால் ஆள் நிற்க வேண்டும், கட்டணம் கட்டிய தகப்பன்மார் கேள்வி கேட்பார்கள். பெப்ரவரியில் என் விண்ணப்பத்தைத் திறந்தும் பார்த்திருக்காத பாடசாலை ஜூலையில் அன்றைக்கே பதில் போட்டதற்குக் காரணம் இதுதான், என் திறமை அந்த ஐந்து மாதத்தில் கூடிவிடவில்லை.

ஆனால் எல்லாப் பாடத்துக்கும் இப்படி என்று நினைக்கவேண்டாம். ஃபிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, கணிதம், கம்பியூட்டர் என்றால் கடைசிவரை இடம் இருக்கும். ஆரம்பப் பிரிவு என்றால் போட்டி கூட. ஆங்கிலம் படிப்பிக்கிறவர்கள் என்மேல் கோபப்படக்கூடாது, நம்முடைய இலங்கைக் கடவுச்சீட்டோடு அந்த வேலை கிடைப்பது கஷ்டம், சில நாடுகளில் விசா விதியே "தாய்மொழி ஆங்கிலமாக உள்ள நாட்டவர்" என்று கேட்கிறது. எவ்வளவு வடிவாக இங்கிலிஷ் கதைத்தாலும் கடவுச்சீட்டின் நிறத்தைப் பார்க்கிற இடத்தில் மினக்கெட்டுப் பிரயோசனம் இல்லை.

நான் ஏன் ஜூனில் தேடினேன் என்று கேட்கிறவர்களுக்கு: படிப்பித்துக்கொண்டிருந்த தனியார் பாடசாலை, பெயர் வேண்டாம், மே கடைசியில் உயர்தரப் பிரிவை நிறுத்தப்போவதாகச் சொல்லிவிட்டது. பிள்ளைகள் காணாது, செலவு கூட என்று ஒரு கூட்டம் வைத்து, தேநீரும் ரோல்ஸும் தந்து சொன்னார்கள். ரியூஷன் வைத்துச் சமாளித்திருக்கலாம், திருகோணமலையில் கெமிஸ்ட்ரி ரியூஷனுக்கு எப்போதும் பிள்ளைகள் இருக்கிறார்கள். எனக்குத்தான் ஞாயிற்றுக்கிழமையும் தொண்டை கிழியக் கத்துகிற சீவியம் போதும் என்றிருந்தது.

தேடின விதம் பெரிய இரகசியம் இல்லை. டெஸ் என்கிற ஆசிரியர் வேலைத் தளம் இலவசம், பிரிட்டிஷ் பாடத்திட்டப் பாடசாலைகளின் விளம்பரம் அதிகம் அங்கேதான் வரும். டீச்சர் ஹொரைசன்ஸ் என்று ஒன்றும் இருக்கிறது, ஆசிரியர்களுக்கு அதுவும் இலவசம். இவை இரண்டையும்விட எனக்கு உதவியது, டோஹா, மஸ்கட், குவைத், அபுதாபி என்று ஊர் ஊராகப் பாடசாலைகளின் பட்டியல் எழுதி, ஒவ்வொன்றின் சொந்தத் தளத்திலும் வேலைப் பக்கத்தைக் காலையில் தேநீரோடு திறந்து பார்த்தது. கோடையில் சில வெற்றிடங்கள் பெரிய தளங்களுக்கு வருவதேயில்லை, விளம்பரக் காசு கட்ட நேரமில்லை, தங்கள் பக்கத்தில் போட்டுவிட்டு விட்டுவிடுவார்கள். இன்னொன்று, விளம்பரத்தில் முடிவுத் திகதி ஜூலை 20 என்று இருக்கும், அடியில் சின்ன எழுத்தில் "தகுந்தவர் கிடைத்தால் முன்கூட்டியே முடிப்போம்" என்றும் இருக்கும். அந்தச் சின்ன எழுத்துத்தான் உண்மை. பார்த்த அன்றே அனுப்பவேண்டும், நல்ல நாள் பார்த்து அனுப்புவதெல்லாம் சரிவராது.

சீவி பற்றி ஒரு சொல். நம்முடைய சீவியில் அடையாள அட்டை இலக்கம், சமயம், தகப்பன் பெயர், விவாக நிலை, கடைசியில் "மேற்கூறிய விபரங்கள் யாவும் உண்மை" என்று ஒரு சத்தியம், எல்லாம் இருக்கும். அத்தனையும் வெட்டுங்கள். அவர்கள் பார்ப்பது எந்தப் பரீட்சைச் சபை, எந்த வகுப்பு, என்ன பெறுபேறு. "கெமிஸ்ட்ரி ஆசிரியர், ஆறு வருஷம்" என்று எழுதுவதற்கும் "கேம்பிரிட்ஜ் ஐ.ஜி.சி.எஸ்.ஈ. 0620, ஏ லெவல் 9701, செய்முறைப் பேப்பர் 3க்குப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்தியிருக்கிறேன்" என்று எழுதுவதற்கும் நிறைய வித்தியாசம். உள்நாட்டு உயர்தரம் மட்டும் படிப்பித்தவர்கள் பயப்படவேண்டாம், நம்முடைய பாடத்திட்டத்தில் விஷயம் இன்னும் கூட ஆழம். 9701இன் பேப்பர் 3, பேப்பர் 5 வினாத்தாள்களை எடுத்து, செய்முறையை அவர்கள் எப்படிக் கேட்கிறார்கள் என்று இரண்டு கிழமை இருந்து பாருங்கள், கேட்டால் கதைக்கக்கூடிய மாதிரி. இடைவெளி இருந்தால் மறைக்காதீர்கள். பிள்ளை பெற்று ஒரு வருஷம் வீட்டில் இருந்தால் அப்படியே எழுதுங்கள், திகதிகளுக்கு நடுவே காரணம் சொல்லாத ஓட்டை இருந்தால் பிள்ளைகள் பாதுகாப்புக் காரணத்துக்காகவே நோண்டிக் கேட்பார்கள்.

கியூ.டி.எஸ். இருக்கிறதா என்று நிறைய விளம்பரம் கேட்கும், இங்கிலாந்தின் ஆசிரியர் தகைமை அது. 2023 பெப்ரவரியில் இந்தியா, நைஜீரியா, கானா உட்பட இன்னும் சில நாட்டு ஆசிரியர்களும் அதற்கு விண்ணப்பிக்கலாம் என்று திறந்துவிட்டார்கள், நம்முடைய நாடு அந்தப் பட்டியலில் இல்லை. என்னிடம் இருந்தது கிழக்குப் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டமும் திறந்த பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் கல்வி டிப்ளோமாவும்தான். மார்ச்சில் இது குறையாகத் தெரியும், ஜூலையில் "சரி, பரவாயில்லை" என்பார்கள்.

இனித்தான் முக்கியமான விஷயம், பேப்பர்கள். கடைசி நேர வேலை கெட்டிக்காரருக்குக் கிடைப்பதைவிடப் பேப்பர் கையில் இருப்பவருக்குக் கிடைப்பதுதான் அதிகம். பட்டச் சான்றிதழுக்கு முதலில் பட்டம் தந்த இடத்தின் உறுதிப்படுத்தல், பிறகு நம்முடைய வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவு, பிறகு போகப்போகிற நாட்டின் தூதரகம், போய் இறங்கிய பிறகு அந்த நாட்டின் வெளிவிவகார அமைச்சு, இந்த வரிசையில் முத்திரை வேண்டும். கொன்சியூலர் பிரிவுக்குத் திருகோணமலையிலேயே பிராந்திய அலுவலகம் இருக்கிறது, அதற்காக இரவு மெயிலில் கொழும்புக்கு ஓடத் தேவையில்லை, நிறையப் பேருக்கு இது தெரியாது. என் பல்கலைக்கழகம் இருக்கிற வந்தாறுமூலைக்கு மட்டும் வாகரைப் பக்கத்தால் பஸ்ஸில் போய் வந்தேன். வேலை கிடைக்காவிட்டாலும் முதல் இரண்டு முத்திரையையும் இப்போதே வாங்கி வையுங்கள், அவை பழுதாகிற சாமான் இல்லை. பொலிஸ் நற்சான்று வேறு கதை, அதை மூன்று, ஆறு மாதத்துக்குள் எடுத்ததாகக் கேட்பார்கள், முன்கூட்டியே எடுத்து அலுமாரியில் வைத்தால் காசுதான் நட்டம். இன்டர்வியூவுக்குக் கூப்பிட்ட அன்று ஒன்லைனில் போட்டால் சரி.

எல்லாவற்றிலும் பாடாய்ப்படுத்தியது ரெஃபரன்ஸ். நம்முடைய அதிபர்மாருக்கு ரெஃபரன்ஸ் என்றால் கடிதத் தலைப்பில் "இவர் நல்லொழுக்கம் உடையவர், இவரது எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறேன்" என்று எழுதி முத்திரை குத்தித் தருகிற சான்றிதழ். இன்டர்நேஷனல் ஸ்கூலுக்கு அது செல்லாது. அவர்கள் நேரே அதிபரின் உத்தியோகபூர்வ மின்னஞ்சலுக்கு ஒரு லிங்க் அனுப்புவார்கள், அதில் "இவரை மறுபடி வேலைக்கு எடுப்பீர்களா", "பிள்ளைகளோடு வேலை செய்யக்கூடாது என்பதற்கு ஏதாவது காரணம் தெரியுமா" என்றெல்லாம் கேள்வி இருக்கும், ஜிமெயில் முகவரி என்றால் சந்தேகப்படுவார்கள். நான் முன்பு படிப்பித்த பாடசாலையின் அதிபர் சேர் தங்கமான மனிசர், ஆனால் பாடசாலை மின்னஞ்சலை அவர் கண்ணாலும் கண்டதில்லை. அதைப் பார்ப்பது ஐ.சி.டி. ரீச்சர், அவரோ பிரசவ லீவில். கடைசியில் கம்பியூட்டர் அறையில் ஒரு கீபோர்டைத் தூக்கிப் பார்த்தால் அடியில் மஞ்சள் தாளில் பாஸ்வேர்ட் ஒட்டியிருக்கிறது. திறந்தால் டோஹாவிலிருந்து வந்த கடிதம் ஸ்பாமில் கிடக்கிறது, அதுக்கு மேலே நினைவூட்டல் ஒன்று, அதுக்கு மேலே இன்னொன்று. சேர் கண்ணாடியைப் போட்டு முதல் பக்கத்தை வாசித்தார், வாசித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க கொஞ்சம் வெளியில நில்லுங்க ரீச்சர். இது கொன்ஃபிடென்ஷலாம்."

ஒரு விரலால் தட்டித் தட்டி அவர் முடிக்கும்வரை வராந்தாவில் நின்றேன், வேப்பமரத்தடியில் இரண்டு மான் படுத்திருந்தது, பிள்ளைகள் போட்ட லஞ்ச் ஷீட்டை ஒன்று மென்றுகொண்டிருந்தது (இந்த ஊர் மான்களுக்குப் பொலித்தீன் தின்னக் கொடுக்கிறதை யாராவது நிறுத்தினால் புண்ணியம்). வெளியே வந்த சேர், "எல்லாம் நல்லதாத்தான் போட்டிருக்கிறன்" என்று இரகசியத்தை உடனேயே உடைத்துவிட்டார். ஆகவே சொல்கிறேன், விண்ணப்பம் அனுப்புவதற்கு முதலே அதிபரைப் போய்க் கண்டு, மின்னஞ்சலைத் திறக்க வைத்து, இன்ன மாதிரி வரும் சேர், ஸ்பாமையும் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வாருங்கள். ரெஃபரன்ஸ் வராததால் மட்டும் கைவிட்டுப்போன வேலைகள் நம்மூரில் நிறைய.

இன்டர்வியூ ஜூலை நடுவில். அந்தப் பாடசாலை அதிபர் லீவில் இங்கிலாந்தில் இருந்தார், அவருக்குக் காலை ஒன்பது, எனக்கு மத்தியானம் ஒன்றரை. கச்சான் காற்று அடிக்கிற நேரம், யன்னலைத் திறந்தால் மண், மூடினால் அவியல். மூடிவிட்டு ஃபானையும் நிறுத்தினேன், மைக்கில் இரைச்சல் வரும் என்று. சேலையா சல்வாரா என்று முதல் நாள் வீட்டில் பெரிய விவாதம் நடந்தது, யாரும் என் உடுப்பைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

முதல் கேள்வியே கெமிஸ்ட்ரி இல்லை. "வகுப்பு முடிந்து ஒரு பிள்ளை தனியாக நிற்கிறாள். மிஸ், ஒன்று சொல்லுவேன், யாருக்கும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் பண்ணுங்கள் என்கிறாள். என்ன செய்வீர்கள்?" இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வடிவில் எல்லா ஒழுங்கான பாடசாலையிலும் வரும். சத்தியம் பண்ணக்கூடாது என்பதுதான் பதிலின் முதல் பகுதி. உன்னைப் பாதுகாக்கவேண்டி வந்தால் பொறுப்பானவருக்குச் சொல்லத்தான் வேண்டும் என்று பிள்ளைக்கு முதலே சொல்லவேண்டும், குறுக்குக் கேள்வி கேட்காமல் கேட்கவேண்டும், அவள் சொன்ன சொல்லாலேயே எழுதி அன்றைக்கே பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் கொடுக்கவேண்டும், வேறு யாரோடும் கதைக்கக்கூடாது. நம்மில் பலர் "அம்மாவைக் கூப்பிட்டுக் கதைப்பேன்" என்று நல்ல மனதோடு சொல்வோம். பிரச்சினை வீட்டுக்குள்ளேயே இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இங்கே 1929க்கு அழைத்தால் சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை இருக்கிறது என்பதையும் சொன்னேன், அதிபர் எதையோ குறித்துக்கொண்டார்.

பிறகு சயன்ஸ் பகுதித் தலைவர், கணக்கென்றால் ஓடுகிற பிள்ளைக்கு 'மோல்' எப்படி விளங்கப்படுத்துவீர்கள் என்று கேட்டார். இதை நான் வருஷக்கணக்கில் ஒரே மாதிரித்தான் தொடங்குகிறேன். ஹார்ட்வெயார் கடையில் ஆணி கேட்டால் யாரும் எண்ணித் தருவதில்லை, தராசில் போட்டு நிறுத்துத் தருவார்கள். ஒரு ஆணியின் நிறை தெரிந்தால் கிலோவில் எத்தனை ஆணி என்று எண்ணாமலே சொல்லலாம். அணுவை எண்ண முடியாது, அதனால் நிறுக்கிறோம், 12 கிராம் காபனில் எத்தனை அணு இருக்கிறதோ அத்தனைதான் ஒரு மோல், 24 கிராம் மக்னீசியத்திலும் அதே எண்ணிக்கை. பிள்ளைக்கு முதலில் தராசையும் இரண்டு சைஸ் ஆணியையும் கொடுத்துவிட்டு, 6.02 பெருக்கல் பத்தின் அடுக்கு 23 என்ற எண்ணைக் கடைசியில் காட்டுவேன். அவர் சிரித்துவிட்டு, டோஹாவில் ஹார்ட்வெயார் கடை எங்கே இருக்கிறது என்று நான் காட்டுகிறேன் என்றார். அப்போதே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது.

கடைசியில் "உங்களுக்கு ஏதாவது கேட்க இருக்கிறதா" என்பார்கள். இல்லை, நன்றி என்று சொல்வது நம்முடைய பழக்கம். கடைசி நேர வேலை என்றால் கட்டாயம் கேட்கவேண்டியது, இந்த இடம் இப்போது ஏன் காலியாக இருக்கிறது. கேட்கக் கூசவேண்டாம், நல்ல பாடசாலை கூசாமல் பதில் சொல்லும். எனக்குச் சொன்னது, பெப்ரவரியில் எடுத்தவர் குடும்பக் காரணத்தால் ஜூன் கடைசியில் விலகிவிட்டார். பிறகு, சயன்ஸ் பகுதியில் இந்த வருஷம் எத்தனை பேர் போனார்கள், அங்கே இப்போது இருக்கிற ஒரு ஆசிரியரோடு நான் தனியாகக் கதைக்கலாமா என்றும் கேட்டேன். ஒரு மலையாள பயோலஜி மிஸ்ஸின் இலக்கம் தந்தார்கள். அவர் தமிழும் மலையாளமும் கலந்து, பதினோராம் வகுப்பின் குழப்படி, வீடு கொஞ்சம் தூரம், காலை ட்ராஃபிக், சம்பளம் ஒருநாளும் பிந்தினதில்லை என்று உள்ளதை உள்ளபடி சொன்னார். கடைசி வசனத்துக்காகத்தான் எடுத்தேன்.

இதற்கு முதல் வேறொரு நாட்டிலிருந்து இன்னொரு பாடசாலை கூப்பிட்டது, அதையும் சொல்லவேண்டும். பத்து நிமிஷம்கூடக் கதைக்கவில்லை, பாடம் பற்றி ஒரு கேள்வியும் இல்லை, "எப்போது வரலாம்" என்றார்கள். விசிட் விசாவில் வாருங்கள், பிறகு மாற்றித் தருவோம், அசல் சான்றிதழ்களைக் கையோடு கொண்டுவாருங்கள், நாங்கள் பத்திரமாக வைத்திருப்போம். சம்பளத்தைக் கேட்டால் முதலில் என் கடவுச்சீட்டு எந்த நாடு என்று கேட்டார்கள். அதே பாடம், அதே மணித்தியாலம், அதே பிள்ளைகள், ஐரோப்பியருக்கு ஒரு தொகை, நமக்கு ஒரு தொகை. இந்த வித்தியாசம் நல்ல பெயருள்ள சில இடங்களிலும் இருக்கிறது, 'உள்ளூர்ச் சேர்ப்பு', 'வெளிநாட்டுச் சேர்ப்பு' என்று நாகரிகமாகச் சொல்வார்கள். அது அநியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன், தேவை இருக்கிறவர்கள் ஏற்றுக்கொண்டு போவதையும் குறை சொல்லமாட்டேன். விசிட் விசாவில் போய் அசல் சான்றிதழைக் கொடுப்பதை மட்டும் எந்தத் தேவைக்கும் செய்யாதீர்கள். கடவுச்சீட்டைப் பறித்து வைத்திருப்பது கட்டாரில் சட்டப்படி குற்றம். விசாவுக்கு, 'பதிவுக்கு' என்று யாராவது உங்களிடம் காசு கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள், ஒழுங்கான பாடசாலை ஆசிரியரிடம் காசு வாங்குவதில்லை. ஏஜென்சிக்காரர் என்று சொல்லிக்கொண்டு வந்தால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்கு 1989 என்ற இலக்கத்தில் அழைத்து அனுமதிப்பத்திரம் உண்டா என்று கேட்கலாம். பாடசாலையைப் பற்றி அறிய, பிரிட்டிஷ் ஸ்கூல்ஸ் ஓவர்சீஸ் பரிசோதனை அறிக்கை இருக்கிறதா, வெளிநாட்டு பிரிட்டிஷ் பாடசாலைகளின் சங்கமான கொபிஸில் உறுப்பினரா, கேம்பிரிட்ஜ் அல்லது பியர்சன் பரீட்சை நிலையமா என்று பாருங்கள், டுபாய் என்றால் அங்கே தனியார் பாடசாலைகளைக் கண்காணிக்கிற கே.எச்.டி.ஏ.இன் அறிக்கைகள் ஒன்லைனில் கிடக்கின்றன. ஒரே வேலையை அதே பாடசாலை வருஷத்தில் மூன்று தரம் விளம்பரப்படுத்தினால் அறிக்கை தேவையில்லை.

ஒப்பந்தம் வந்தால் மொத்தச் சம்பளத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுவிட்டு அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று தேடுங்கள். கட்டார் தொழிற் சட்டப்படி ஒரு வருஷம் முடித்தவருக்கு விலகும்போது வருஷத்துக்குக் குறைந்தது மூன்று கிழமைச் சம்பளம் கிடைக்கவேண்டும், கணக்குப் பார்ப்பது அடிப்படைச் சம்பளத்தில். வீட்டுப்படி, போக்குவரத்துப்படி என்று பிரித்து அடிப்படையைச் சின்னதாக்கி வைத்தால் மாதாமாதம் தெரியாது, போகிற அன்று தெரியும். பரீட்சார்த்த காலம் ஆறு மாதத்துக்கு மேல் போட முடியாது. ஓகஸ்ட், செப்டெம்பரில் சேருகிறவருக்கு அடுத்த கோடை லீவுச் சம்பளம் முழுதாக உண்டா என்பதையும் எழுத்தில் கேளுங்கள், நான் கேட்டேன், ஒரு வரி சேர்த்துத் தந்தார்கள்.

கட்டாருக்கு ஒரு வசதி, அவர்களுடைய விசா நிலையம் கொழும்பிலேயே இருக்கிறது, 2018இல் உலகத்திலேயே முதலாவதாகத் திறந்தது இங்கேதான். பாடசாலை விசா இலக்கம் அனுப்பியதும் நேரம் பதிந்து போனால் விரலடையாளம், இரத்தம், எக்ஸ்ரே, ஒப்பந்தக் கையெழுத்து எல்லாம் ஒரே இடத்தில் முடியும். அங்கே கையெழுத்து வைக்கிற ஒப்பந்தமும் முதலில் உங்களுக்கு அனுப்பிய ஒப்பந்தமும் ஒரே தொகைதானா என்று நின்று வாசியுங்கள், பின்னால் நிற்கிறவர் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும். அதற்குப் பிறகு பணியகப் பதிவு, டிக்கெட், அவ்வளவுதான்.

அரசாங்க ஆசிரியர்கள் கேட்டிருந்தீர்கள். 2022இல் வந்த பொது நிருவாகச் சுற்றறிக்கை 14/2022 ஐந்து வருஷம் வரை சம்பளமற்ற லீவில் வெளிநாடு போக வழி விட்டது, அது இன்னும் நடைமுறையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இருந்தாலும் உங்கள் பாடத்துக்கு ஆள் குறைவென்றால் விடுவிப்பது தாமதமாகும். வேலை கிடைத்த பிறகு வலயக் கந்தோருக்கு ஓடினால் ஓகஸ்ட் பிடிபடாது. இப்போதே போய், யார் கையெழுத்து, எந்தப் படிவம், எத்தனை கிழமை என்று கேட்டு வையுங்கள்.

நேற்றுக் கிண்ணியாவிலிருந்து ஒரு கணித ஆசிரியர், தம்பி மாதிரி, அழைத்துக் கேட்டார், இன்டர்வியூ ஒன்றும் வரவில்லை அக்கா, ஓகஸ்ட்டும் பிறக்கப்போகுது, விடட்டா என்று. விடவேண்டாம் என்றுதான் சொன்னேன். செப்டெம்பர் நடுவரை வேலைப் பக்கங்களைப் பார்க்கச் சொன்னேன், ரன்னர்கள் ஓடுகிற காலம் அது, பிறகு ஜனவரியில் தொடங்குகிற பிரசவ லீவு இடங்கள் ஒக்டோபரில் வரும், இந்தியப் பாடத்திட்டப் பாடசாலைகளுக்கு வருஷம் ஏப்ரலில் தொடங்கும். அதற்குள் பட்டச் சான்றிதழுக்கு முத்திரை வாங்கியாயிற்றா என்று கேட்டேன். இன்னும் இல்லையாம். திங்கட்கிழமை பாலம் தாண்டி வருகிறேன் அக்கா, கொன்சியூலர் கந்தோர் எத்தனை மணிக்குத் திறக்கிறது என்று கேட்டார், நேரத்தோடு வந்து வரிசையில் நில்லுங்கள் என்றேன்.